காலை எட்டு மணிக்கு முன் எடுக்க வேண்டிய இரத்தம்: லேசான பிறவி அட்ரீனல் குறைபாட்டை அறிந்து நடத்தும் முறை

காலைப் பிரார்த்தனைக்குப் பள்ளிக்கூடத்தில் உயரப்படி வரிசையாக நிறுத்துவார்கள். ஐந்தாம் வகுப்பில் என் மகள் வரிசையின் கடைசியில் நின்றாள், வகுப்பிலேயே உயரம் அவள்தான். ஒன்பதாம் வகுப்பில் அதே பிள்ளைகளோடு நின்றபோது முன்னாலிருந்து மூன்றாவது ஆள். மற்றப் பிள்ளைகள் எல்லாம் வளர்ந்தார்கள், இவள் நின்றுவிட்டாள். அந்த வரிசை எனக்கு எல்லாவற்றையும் காட்டிக்கொண்டுதான் இருந்தது. அதை வாசிக்க எனக்குத் தெரியவில்லை.

அதற்கும் முன்னால் ஒரு அடையாளம் இருந்தது. 2009 இல், போரால் இடம்பெயர்ந்து இருந்த செட்டிகுளம் முகாமில், சேலையைச் சுற்றிக் கட்டிய மறைப்புக்குள் அவளைக் குளிப்பாட்டும்போது அக்குளில் முடி கண்டேன். ஏழரை வயது. வியர்வை மணமும் பெரிய ஆட்களுடையது போல இருந்தது. தண்ணீருக்கு வரிசையில் நிற்கிற அந்த நாட்களில் இதை யாரிடம் கேட்பது? நானும் விட்டுவிட்டேன். பதினாறு வயதில் முகத்தில் முடியும் பருக்களும் வந்து, மாதவிலக்கு இரண்டு மூன்று மாதம் பிந்தத் தொடங்கியபோது, சூலகத்தில் நீர்க்கட்டி என்று சொல்லிக் குளிசை தந்தார்கள். அவளுக்கு இருந்தது லேசான பிறவி அட்ரீனல் குறைபாடு என்று தெரிய இருபத்தொரு வயதாயிற்று.

எங்கள் வன்னியில், விசுவமடுவிலும் மல்லாவியிலும் ஒட்டுசுட்டானிலும் இதே போல ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு யோசித்துக்கொண்டிருக்கும் தாய்மாருக்காகவும், அந்தப் பிள்ளைகளுக்காகவும் இதை எழுதுகிறேன். நான் வைத்தியர் இல்லை. மருந்தின் அளவை உங்கள் வைத்தியர்தான் தீர்மானிக்க வேண்டும். ஆனால் எதைக் கேட்க வேண்டும், எந்த நேரத்தில் போக வேண்டும், எதற்குப் பயப்பட வேண்டியதில்லை என்பதை என்னால் சொல்ல முடியும்.

உடம்புக்குள் நடப்பது என்ன

இரண்டு சிறுநீரகங்களின் தலையிலும் தொப்பி போல ஒவ்வொரு சுரப்பி இருக்கிறது. அதுதான் அட்ரீனல். அதன் வெளிப்பகுதி மூன்று வகை ஓமோன்களைச் சுரக்கிறது. காய்ச்சல், காயம், பட்டினி போன்ற நெருக்கடிகளில் உடம்பைத் தாங்கும் கோட்டிசோல் ஒன்று. உடம்பில் உப்பைப் பிடித்துவைக்கும் அல்டொஸ்டெரோன் இன்னொன்று. மூன்றாவது ஆண் ஓமோன் என்று சொல்லப்படும் அண்ட்ரோஜன். இது எல்லாப் பெண்களிடமும் கொஞ்சம் இருக்கும், இருக்கவும் வேண்டும்.

இரணைமடுக் குளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே குளத்துத் தண்ணீர் மூன்று வாய்க்காலில் போகிறது. கோட்டிசோல் வாய்க்காலுக்கும் உப்பு வாய்க்காலுக்கும் ஒரு துருசு, அதாவது தண்ணீரைத் திறந்து மூடும் கதவு, இருக்கிறது. அந்தத் துருசுதான் 21-ஹைட்ரொக்சிலேஸ் என்ற நொதியம். மூன்றாவது வாய்க்காலுக்குத் துருசு தேவையில்லை. இப்போது துருசு துருப்பிடித்து அரைவாசிதான் திறக்கிறது என்று வையுங்கள். கோட்டிசோல் வயலுக்குத் தண்ணீர் காணாது. மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, இன்னும் விடு, இன்னும் விடு என்று ஆள் அனுப்பிக்கொண்டே இருக்கும். அட்ரீனலும் கூடக் கூட விடும். கோட்டிசோல் வயல் ஒருவாறு நனைந்துவிடும், ஆனால் துருசுக்கு முன்னால் தேங்கியது எல்லாம் மூன்றாவது வாய்க்காலில் பாய்ந்து கரையை உடைக்கும். அந்த மேலதிக அண்ட்ரோஜன்தான் பரு, முடி, பிந்தும் மாதவிலக்கு, சீக்கிரம் வந்து சீக்கிரம் நின்றுபோகும் உயரம் எல்லாவற்றுக்கும் காரணம். துருசுக்கு முன்னால் தேங்கும் தண்ணீருக்கு ஒரு பெயர் உண்டு: 17-ஹைட்ரொக்சி புரொஜெஸ்டரோன், சுருக்கமாக 17-ஓ.எச்.பி. இந்த வழிகாட்டியின் பாதி அந்தப் பெயரைச் சுற்றித்தான்.

கடுமையான வகையில் துருசு முற்றாக அல்லது கிட்டத்தட்ட முற்றாக மூடியிருக்கும். அந்தக் குழந்தைகள் பிறந்த சில வாரங்களுக்குள் உப்பு இழந்து, சத்தி எடுத்து, உயிருக்கே ஆபத்தாகலாம். உலகளவில் ஏறத்தாழ 15,000 பிறப்புகளுக்கு ஒன்று. நாங்கள் பேசும் லேசான வகையில் நொதியத்தின் 20 முதல் 50 வீதம் வரை வேலை செய்கிறது. பிறக்கும்போது ஒரு வித்தியாசமும் தெரியாது. உப்பு இழப்பும் இல்லை. அதனால், யாரோ சொன்னார்கள் என்று பிள்ளைக்குச் சோற்றில் மேலதிகமாக உப்புப் போடாதீர்கள். அது மற்ற வகைக்கு உரிய வைத்தியம். மருத்துவக் கடிதத்தில் இந்த லேசான வகைக்கு 'நொன்-கிளாசிக் சீ.ஏ.எச்.' என்று எழுதுவார்கள், கொப்பியில் அந்தச் சொல்லைத் தேடுங்கள்.

படி 1: கண்டதை எழுதி வையுங்கள்

கிளினிக்கில் வைத்தியரின் முன்னால் கிடைப்பது சில நிமிடங்கள். அதற்குள் ஏழு வருடக் கதையைச் சொல்ல முடியாது. ஒரு கொப்பியில் வயதையும் கண்டதையும் எழுதிக்கொண்டு போங்கள்.

பெண்பிள்ளைக்கு எட்டு வயதுக்கு முன்னும் ஆண்பிள்ளைக்கு ஒன்பது வயதுக்கு முன்னும் அக்குளிலோ அடிவயிற்றுக்குக் கீழோ முடி வந்தால், வியர்வை மணம் மாறினால், ஒத்த வயதுப் பிள்ளைகளை விடத் திடீரென்று உயர்ந்தால், அது எழுத வேண்டிய விஷயம். 'நல்ல வளர்த்தி' என்று சந்தோஷப்பட்டு விட்டுவிடாதீர்கள். அண்ட்ரோஜன் எலும்பை முன்கூட்டியே முற்ற வைக்கிறது. சின்ன வயதில் உயரமாகத் தெரியும் பிள்ளை, எலும்பின் வளர்நுனி சீக்கிரம் மூடிவிடுவதால் கடைசியில் குட்டையாக நின்றுவிடும். இதை இடது கை மணிக்கட்டு எக்ஸ்றே ஒன்றில் பார்த்துவிடலாம். ஒரே ஒரு படம். என் மகளுக்கு அது எடுக்கப்பட வேண்டிய வயதில் எடுக்கப்படவில்லை.

பெரியபிள்ளையானவர்களுக்கு எழுத வேண்டியது மாதவிலக்கு வந்த திகதிகள், மேலுதடு, நாடி, மார்பின் நடு, கீழ்வயிறு ஆகிய இடங்களில் தடித்த கறுப்பு முடி, மருந்துக்கு அடங்காத பரு, தலையுச்சியில் முடி கொட்டுதல். கல்யாணமானவர்களுக்குப் பிள்ளை தங்கப் பிந்துவதும் கருச்சிதைவும். ஆண்களில் பலருக்கு இது இருப்பதே தெரியாமல் வாழ்நாள் போய்விடும். பெரும்பாலும் தங்கைக்கோ அக்காவுக்கோ கண்டுபிடித்த பிறகுதான் அவர்களுக்கும் தெரியவரும்.

ஒன்றை மட்டும் பொறுத்திருந்து பார்க்க வேண்டாம். சில மாதங்களுக்குள் குரல் தடித்து, உடம்பு ஆண்களுடையது போல முறுக்கேறி, முடி வேகமாகப் பரவினால் அது இந்த லேசான குறைபாட்டின் நடை அல்ல. சுரப்பியிலோ சூலகத்திலோ கட்டி இருக்கிறதா என்று அந்த வாரமே பார்க்க வேண்டும்.

கொப்பியில் இன்னொரு வரியும் வேண்டும்: பூசுகிற, குடிக்கிற எல்லாமும். முகம் வெளுக்க என்று கடைகளில் விற்கும் சில கிரீம்களில் ஸ்டீரொயிட் (கோட்டிசோலைப் போல வேலை செய்யும் மருந்து) கலந்திருக்கிறது. அதுவே பருவையும் முடியையும் கொண்டுவரும், இரத்தப் பரிசோதனையின் கணக்கையும் குழப்பலாம். மூட்டு வலிக்கு வாங்கிய பெயரில்லாத பொடிகளும் அப்படித்தான். வைத்தியர் ஏசுவார் என்று ஒளிக்காதீர்கள்.

படி 2: குடும்பத்தைக் கேளுங்கள்

இது பரம்பரையாக வருவது. ஆறாவது நிறமூர்த்தத்தில் இருக்கும் ஒரு பரம்பரையலகில் பிழை. அந்தப் பரம்பரையலகு ஒவ்வொருவருக்கும் இரண்டு பிரதி, தாயிடமிருந்து ஒன்றும் தகப்பனிடமிருந்து ஒன்றும். ஒரு பிரதி மட்டும் பிழை என்றால் நோய் இல்லை, அவர் அந்தப் பிழையைக் காவிச் செல்லும் காவி மட்டும்தான். இரண்டும் பிழை என்றால்தான் குறைபாடு. ஆகவே பிள்ளைக்கு இருந்தால் தாயும் தகப்பனும் இருவருமே காவிகள் என்பதுதான் வழமை. 'உங்கட பக்கத்தால வந்தது' என்று மாமியார் என்னைச் சொல்ல, நான் அவரைச் சொல்ல, இரண்டு மாதம் எங்கள் வீட்டில் கதை பேச்சு இல்லை. இரண்டு பக்கத்தாலும் வந்தது என்று டொக்டர் படம் கீறிக் காட்டிய பிறகுதான் இருவரும் வாயை மூடினோம்.

குடும்பத்தில் குள்ளமான பெண்கள், பிள்ளையில்லாத பெரியம்மா, மீசை என்று கேலி செய்யப்பட்ட மாமி, காரணம் தெரியாமல் பிறந்த சில வாரங்களில் சத்தி எடுத்து இறந்த ஆண்குழந்தை, இவர்களையெல்லாம் குறித்துக்கொள்ளுங்கள். வன்னியில் இந்தக் கேள்வி லேசானதல்ல. கேட்க வேண்டியவர்களில் பலர் இப்போது இல்லை. பிள்ளையின் வளர்ச்சி அட்டை, கிளினிக் கொப்பி, பழைய படங்கள் எல்லாம் எங்கேயோ பங்கருக்குள் போய்விட்டன. நான் மாத்தளனில் இழந்த என் மாமியைப் பற்றி அவருடைய கூட்டாளி ஒருவரிடம் போய்க் கேட்டேன். தெரிந்ததை எழுதுங்கள், மிச்ச இடத்தை வெறுமையாக விடுங்கள்.

படி 3: யாரிடம் போவது

ஊர் குடும்பநல உத்தியோகத்தரிடம் தொடங்கலாம். வீட்டுக்கு வருபவர், பெண், பிள்ளையும் வெட்கப்படாது. அவர் காட்டும் வழியில் அருகிலுள்ள ஆஸ்பத்திரி ஓ.பி.டி.க்குப் போய், கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்ட வைத்தியசாலைகளின் பொது மருத்துவ, பெண்நோயியல் அல்லது சிறுவர் கிளினிக்குகளுக்குக் கடிதம் வாங்கலாம். அங்கிருந்து ஓமோன் வைத்தியரிடம் அனுப்புவார்கள். எங்களுக்கு அது யாழ்ப்பாணமாக இருந்தது.

நீர்க்கட்டி என்ற முடிவு ஏன் முதலில் வருகிறது என்பதையும் விளங்கிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் வைத்தியர்மீது அநியாயமாகக் கோபம் வரும். 2008 இல் வெளியான கம்பஹா மாவட்ட ஆய்வொன்றில் 15 முதல் 39 வயதுப் பெண்களில் நூற்றுக்கு ஆறு பேரளவில் அந்த நிலை கண்டுபிடிக்கப்பட்டது. ஆண் ஓமோன் கூடிய அறிகுறிகளோடு வரும் பெண்களில் லேசான அட்ரீனல் குறைபாடு உள்ளவர்கள் உலகளவில் நூற்றுக்கு நான்கு பேரளவுதான். அறிகுறிகள் ஒன்றேதான். ஸ்கானில் சூலகமும் ஒரே மாதிரித் தெரியலாம். பிரித்துக் காட்டுவது இரத்தம் மட்டும்தான். அதனால் மரியாதையாக ஒரு கேள்வி கேளுங்கள்: 'டொக்டர், 17-ஓ.எச்.பி. ஒருக்காப் பாக்கலாமோ?' ஏழு எட்டு வயதில் முடி வந்தது என்ற வரி உங்கள் கொப்பியில் இருந்தால் அந்தக் கேள்விக்குப் பலம் உண்டு.

படி 4: அந்த இரத்தம்

இந்தப் பகுதியை இரண்டு தரம் வாசியுங்கள். நாங்கள் ஒரு வருடத்தை இழந்தது இங்கேதான்.

17-ஓ.எச்.பி. விடியற்காலையில் உச்சத்தில் இருந்து, பொழுது ஏற ஏற இறங்கும். லேசான வகை உள்ளவர்களுக்கு மத்தியானத்தில் எடுத்தால் அது சாதாரண ஆளுடையது போலவே இருக்கலாம். ஆகவே காலை எட்டு மணிக்கு முன் ஊசி குத்த வேண்டும். இரண்டாவது, மாதவிலக்கு நாள். சூல் வெளிவந்த பிறகு, மாதத்தின் பிற்பாதியில், சூலகமே இந்தப் பொருளைச் சுரக்கும், அப்போது நோய் இல்லாதவருக்கும் கூடிக் காட்டும். மாதவிலக்கு தொடங்கி மூன்றாம் நாள் முதல் ஐந்தாம் நாளுக்குள் எடுப்பது நல்லது. மாதவிலக்கே வராதவர்களுக்கு எந்த நாளில் எடுப்பது என்று வைத்தியர் சொல்லுவார். குடும்பக்கட்டுப்பாட்டுக் குளிசையோ ஸ்டீரொயிட்டோ எடுத்துக்கொண்டிருந்தால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். பட்டினி கிடக்கத் தேவையில்லை.

2022 இல், டீசல் இல்லாத அந்த மாதங்களில், விடிய நாலரைக்கு நானும் மகளும் பரந்தன் - முல்லைத்தீவு வீதியில் வந்து நின்றோம். முதல் பஸ் வரவில்லை. இரண்டாவதும் வரவில்லை. ஆறரைக்கு வந்த பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை, விட்டுவிட்டோம். கடைசியில் ஒரு பட்டா லொறியில் ஏறி, இறங்கி, இன்னொன்று பிடித்து, ஆய்வுகூடத்துக் கதிரையில் அவள் இருந்தபோது மணி பதினொன்றரை. இரத்தம் எடுத்தவர் நேரத்தையும் கேட்கவில்லை, எத்தனையாம் நாள் என்றும் கேட்கவில்லை. மறுமொழி 1.6 என்று வந்தது. 'ஒண்டுமில்லை அம்மா, சந்தோசமாப் போங்கோ' என்றார்கள். நாங்களும் சந்தோஷமாகத்தான் வந்தோம்.

அடுத்த வருடம் வேறொரு வைத்தியர் அந்தத் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, 'எத்தனை மணிக்கு எடுத்தது?' என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியால்தான் எல்லாம் மாறியது. இந்த முறை மாதவிலக்கு தொடங்கிய மறுநாளே யாழ்ப்பாணம் போய்க் கொக்குவிலில் தங்கை வீட்டில் தங்கினோம். மூன்றாம் நாள் காலை ஏழு இருபதுக்கு இரத்தம். மறுமொழி 5.8.

யாழ்ப்பாணத்தில் தங்க வசதியில்லாதவர்கள், பக்கத்து நகரத்திலுள்ள இரத்தம் சேகரிக்கும் நிலையத்தில் விடியவே எடுத்து அனுப்ப முடியுமா என்று முதல் நாளே கேளுங்கள். எத்தனை மணிக்குத் திறப்பார்கள், மாதிரியைக் குளிரில் வைத்து அனுப்புவார்களா, இந்த இரண்டும் முக்கியம். எடுத்த நேரத்தையும் மாதவிலக்கின் எத்தனையாம் நாள் என்பதையும் துண்டில் எழுதச் சொல்லுங்கள். எழுத மறந்தால் நீங்களே பேனையால் எழுதுங்கள்.

மறுமொழியை வாசிக்கும்போது அலகைக் கவனியுங்கள். ஒரு மில்லிலீற்றருக்கு நனோகிராம் என்று இருந்தால், 2 க்குக் கீழே என்றால் இந்தக் குறைபாடு இருக்க வாய்ப்புக் குறைவு. 10 க்கு மேல் என்றால் அநேகமாக இதுதான். இடையில் வந்தால் அடுத்த பரிசோதனை வேண்டும். அதே 2 உம் 10 உம், நனோமோல் அலகில் 6 உம் 30 உம் ஆகும். டெசிலீற்றர் கணக்கில் 200 உம் 1000 உம். ஒரு லாபின் துண்டை இன்னொரு லாபின் துண்டோடு எண்ணை மட்டும் வைத்து ஒப்பிட்டு, மூன்று மடங்கு கூடிவிட்டது என்று அழுத தாயை நான் கிளினிக் வாங்கில் கண்டிருக்கிறேன். கூடவில்லை. அலகுதான் வேறு.

இதோடு சேர்த்து தைரொயிட், புரோலக்ரின், டெஸ்டொஸ்டெரோன், சீனி ஆகியவற்றையும் பார்ப்பார்கள். கழுத்து மடிப்பில் கறுப்பாகத் தடித்திருந்தால் அதையும் காட்டுங்கள், அது இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளம்.

படி 5: சினாக்தென் பரிசோதனை

பிட்யூட்டரி அனுப்பும் ஆளைப் போலச் செயற்கையாகச் செய்த ஒரு மருந்து இது. வளர்ந்தவர்களுக்கு 250 மைக்கிரோகிராம் ஊசியாகப் போட்டு, முன்னாலும் ஒரு மணித்தியாலம் கழித்தும் இரத்தம் எடுப்பார்கள். துருசு சரியாக இருந்தால் தள்ளத் தள்ளத் தண்ணீர் போய்விடும், பழுதென்றால் தேங்கும். ஒரு மணித்தியாலத்தில் 17-ஓ.எச்.பி. 10 நனோகிராமைத் தாண்டினால் முடிவு உறுதி. மகளுக்கு 26. காவிகளுக்கு இந்தப் பரிசோதனையில் கொஞ்சம்தான் கூடும்.

அதே குழாய் இரத்தத்தில் கோட்டிசோலையும் பார்க்கச் சொல்லுங்கள். அது சுமார் 500 நனோமோலுக்குக் கீழே நின்றால், சாதாரண நாளில் உடம்பு சமாளிக்கும், ஆனால் சத்திரசிகிச்சை, கடும் காய்ச்சல் போன்ற நேரத்தில் கைவிடலாம். அப்படிப்பட்டவர்களுக்கு அந்த நேரத்துக்கு மட்டும் ஸ்டீரொயிட் வேண்டியிருக்கும். மகளுக்கு 420 என்று வந்தது. இதைப் பார்க்காமல் விட்டிருந்தால் அவளுடைய குடல்வால் ஒப்பரேஷனின்போது என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைப்பேன்.

படி 6: மருந்து வேண்டுமா என்று தீர்மானித்தல்

பெயர் கிடைத்தவுடன் குளிசை தொடங்க வேண்டும் என்று இல்லை. இதை நான் மிக அழுத்திச் சொல்கிறேன். எந்தத் தொந்தரவும் இல்லாத ஆளுக்கு, இரத்தத்தில் எண் கூடியிருக்கிறது என்பதற்காக மட்டும் தினசரி ஸ்டீரொயிட் கொடுப்பதில்லை. 2018 இல் வெளியான அமெரிக்க அகச்சுரப்பியியல் சங்கத்தின் வழிகாட்டலும் இதைத்தான் சொல்கிறது. நாங்கள் திருத்துவது எண்ணை அல்ல, ஆளுடைய கஷ்டத்தை.

வளரும் பிள்ளைகள். முடி முந்தி வந்து, எலும்பின் வயது உண்மையான வயதை விட வெகுவாக முன்னே ஓடினால் ஐதரோகோட்டிசோன் தொடங்குவார்கள். ஸ்டீரொயிட்டுகளில் வளர்ச்சியை மிகக் குறைவாகப் பாதிப்பது இதுதான் என்பதால் பிள்ளைகளுக்கு இதைத் தெரிவு செய்கிறார்கள். உடற்பரப்பைக் கணக்கிட்டு, ஒரு நாளில் இரண்டு மூன்று தரமாகப் பிரித்துத் தருவார்கள். இங்கே ஒரு கயிற்றில் நடப்பது போன்ற வேலை இருக்கிறது: குறைவாகக் கொடுத்தால் அண்ட்ரோஜன் எலும்பை முற்றவைக்கும், கூடக் கொடுத்தால் ஸ்டீரொயிட்டே உயரத்தைத் தின்றுவிடும், முகமும் வயிறும் ஊதும். அதனால்தான் சில மாதத்துக்கு ஒருமுறை உயரமும் நிறையும் அளக்க வரச் சொல்கிறார்கள். அளவு நாடாவின் முன்னால் நிற்கும் அந்த இரண்டு நிமிடத்துக்காக ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வருவது பெரிய காரியம்தான். ஆனாலும் அந்தக் கிளினிக்கைத் தவற விடாதீர்கள். வளர்ச்சி முடிந்த பிறகு குளிசையைக் குறைத்து நிறுத்தலாமா என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. பலருக்கு நிறுத்தலாம்.

இளம் பெண்கள். மாதவிலக்கை ஒழுங்காக்கவும் முடியையும் பருவையும் குறைக்கவும் பெரும்பாலும் முதலில் கொடுப்பது குடும்பக்கட்டுப்பாட்டுக் குளிசை. 'கலியாணம் கட்டாத பிள்ளைக்கு அந்தக் குளிசையோ?' என்று நானும் கேட்டேன். பெட்டியின் பெயரைப் பார்க்காதீர்கள், உள்ளே இருக்கும் வேலையைப் பாருங்கள் என்றார் டொக்டர். அது சூலகத்தின் அண்ட்ரோஜனைக் குறைக்கிறது, இரத்தத்தில் சுற்றுவதைக் கட்டிப்போடும் புரதத்தைக் கூட்டுகிறது. பிற்காலத்தில் பிள்ளை வராமல் செய்யாது. கால் நரம்பில் இரத்தம் உறைந்த வரலாறு, ஒருபக்கத் தலையிடி, உயர் அழுத்தம் இருந்தால் முதலே சொல்ல வேண்டும்.

ஆறு மாதத்தில் முடி போதியளவு குறையாவிட்டால் ஸ்பைரோனொலக்டோன் சேர்ப்பார்கள். அது முடிவேரில் அண்ட்ரோஜன் ஒட்டாமல் தடுக்கும். வயிற்றில் இருக்கும் ஆண்குழந்தையைப் பாதிக்கக்கூடியது என்பதால் கர்ப்பம் தரிக்கக்கூடிய காலத்தில் பாதுகாப்பு இல்லாமல் எடுக்கக்கூடாது. தினசரி ஸ்டீரொயிட் இவர்களுக்கு முதல் மருந்தல்ல. இவை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும், பிள்ளை வேண்டும் என்று காத்திருப்பவர்களுக்கும்தான் அதைப் பற்றி யோசிப்பார்கள்.

பரு இரண்டு மூன்று மாதத்தில் அடங்கத் தொடங்கும். முடிக்கு ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை வேண்டும், ஏனென்றால் ஏற்கனவே தடித்துவிட்ட முடி தன் காலத்தை முடித்து உதிர வேண்டும். அதுவரை நூல் போட்டு எடுக்கலாம், மழிக்கலாம். மழித்தால் தடித்து வளரும் என்பது உண்மையல்ல. மஞ்சள் பூசுவதில் கெடுதல் இல்லை, ஆனால் ஓமோனை அது குறைக்காது. மகள் மூன்றாம் மாதம், 'அம்மா, ஒரு மாற்றமும் இல்லை, நிப்பாட்டப் போறன்' என்று குளிசை அட்டையை மேசையில் போட்டாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. சுவர்க் கலண்டரில் எட்டாம் மாதத்தில் ஒரு வட்டம் போட்டு, அதுவரைக்கும் மட்டும் எடுக்கச் சொன்னேன். அந்த வட்டம் வந்தபோது நூல் போடக் கடைக்குப் போவது வாரம் ஒன்றிலிருந்து மாதம் ஒன்றாகக் குறைந்திருந்தது.

படி 7: காய்ச்சல் நாட்களும் வெள்ள நாட்களும்

தினமும் ஸ்டீரொயிட் எடுப்பவர்களும், மகளைப் போலக் கோட்டிசோல் குறைவாக வந்தவர்களும் மட்டும் இந்தப் படியைப் படித்தால் போதும்.

மூன்று வாரத்துக்கு மேல் ஸ்டீரொயிட் எடுத்தவர் அதைத் திடீரென்று நிறுத்தக்கூடாது. வெளியிலிருந்து கிடைக்கிறது என்று அட்ரீனல் வேலையை விட்டுவிட்டுத் தூங்கிப்போயிருக்கும். மெதுவாகக் குறைத்தால்தான் எழும்பும். திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றி, சத்தி எடுத்து, அழுத்தம் விழுந்து ஆபத்தாகலாம்.

காய்ச்சல் 38 பாகையைத் தாண்டினால் வழமையான அளவை இரட்டிப்பது, 39 ஐத் தாண்டினால் மும்மடங்காக்குவது என்பதுதான் பொதுவான முறை. உங்களுக்கு உரிய அளவை வைத்தியரிடம் கேட்டுக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதி வாங்குங்கள். சத்தியும் வயிற்றோட்டமும் வந்து குளிசை வயிற்றில் தங்காவிட்டால் வீட்டில் இருக்கக் கூடாது. ஆஸ்பத்திரியில் ஐதரோகோட்டிசோன் ஊசி போட வேண்டும், பெரியவர்களுக்கு 100 மில்லிகிராம். 1990 க்கு அடித்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும். தடிமன், லேசான தலையிடி, பரீட்சைப் பயம், இவற்றுக்கெல்லாம் அளவைக் கூட்ட வேண்டாம்.

எங்கள் ஊருக்கென்று ஒன்று சேர்த்துச் சொல்கிறேன். 2018 மார்கழியில் இரணைமடுவின் வான்கதவுகள் திறந்தபோது கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வீதிகள் தண்ணீருக்குள் போயின. கிளினிக் நாளுக்கு முதல் நாள் குளிசை முடிகிற மாதிரி வைத்திருந்தால் அந்த மாதிரி வாரத்தில் என்ன செய்வது? ஐப்பசி தொடங்க முன்னர் இரண்டு வாரத்துக்கு மேலதிகமாகக் குளிசை வாங்கி, மூடி இறுகிய போத்தலில் போட்டு, அடையாள அட்டையும் காணி உறுதியும் வைக்கும் பையிலேயே வையுங்கள். ஓடும்போது கையில் எடுக்கும் பை எது என்று வன்னியில் யாருக்கும் சொல்லித்தரத் தேவையில்லை.

படி 8: கல்யாணமும் பிள்ளையும்

இந்தக் குறைபாடுள்ள பெண்களில் பெரும்பாலானோர் கர்ப்பம் தரிக்கிறார்கள், பலர் எந்த மருந்தும் இல்லாமலே. பிந்தினால் ஐதரோகோட்டிசோன் அல்லது பிரெட்னிசொலோன், தேவையானால் சூல் வெளிவர உதவும் லெட்ரசோல், குளோமிபீன் போன்றவை உதவும். டெக்ஸாமெதசோன் மட்டும் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தையிடம் போகும், ஆகவே பிள்ளைக்காக முயலும் காலத்தில் அது வேண்டாம். ஏற்கனவே எடுத்துக்கொண்டிருந்தால் வைத்தியரிடம் சொல்லி மாற்றுங்கள், தானாக நிறுத்த வேண்டாம்.

அடுத்தது எங்கள் வழக்கத்தோடு நேரே மோதுவது. லேசான வகை உள்ளவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர், இரண்டு பிரதியில் ஒன்று லேசான பிழையாகவும் மற்றது கடுமையான பிழையாகவும் கொண்டவர்கள். துணையும் கடுமையான பிழையின் காவியாக இருந்தால், அந்தக் கடுமையான இரண்டும் சேர்ந்து ஒரு பிள்ளைக்குப் போகும் வாய்ப்பு ஒவ்வொரு கர்ப்பத்துக்கும் நாலில் ஒன்று. முன்பின் தெரியாத துணை காவியாக இருக்கும் வாய்ப்புக் குறைவு. மச்சானாக இருந்தால் கூடும், ஏனென்றால் இருவரும் ஒரே பாட்டன் பாட்டியின் பரம்பரையலகுகளைப் பகிர்ந்தவர்கள்.

மகளுக்குப் பேசியது என் தமையனின் மகனை. சின்ன வயதிலிருந்தே வீட்டில் சொல்லி வளர்த்தது. இதை அண்ணாவிடம் எப்படிச் சொல்வது என்று மூன்று நாள் சாப்பாடு இறங்கவில்லை. கடைசியில் மகளே மருமகனுக்குப் போன் எடுத்து, 'எனக்கு இப்பிடி ஒண்டு இருக்கு. நீங்களும் ஒருக்கா இரத்தம் குடுத்துப் பாக்க வேணும், மச்சான்' என்றாள். அடுத்த வெள்ளி அவர் காலை ஏழு மணிக்கே ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றார். பரம்பரையலகுப் பரிசோதனையில் அவர் காவி அல்ல என்று வந்தது. காவி என்று வந்திருந்தாலும் கல்யாணத்தை நிறுத்தியிருக்க வேண்டியதில்லை. கர்ப்பத்துக்கு முன்னரே வைத்தியரோடு பேசி, பிறந்தவுடன் குழந்தையின் இரத்தத்தைப் பார்த்து, தேவையானால் அன்றே மருந்து தொடங்கலாம். கடுமையான வகைக்கும் 1950 இலிருந்து மருந்து இருக்கிறது. அறியாமல் இருந்தால்தான் அந்தக் குழந்தையை இழக்க வேண்டி வரும்.

பெண்பிள்ளையிடம் 'ஆம்பிளை ஓமோன்' என்று மட்டும் சொல்லி விட்டுவிடாதீர்கள். கிளினிக்கால் வந்த அன்றிரவு, 'அப்ப நான் முழுப் பொம்பிளை இல்லையா அம்மா?' என்று இருட்டில் கேட்டாள் என் மகள். அவளுடைய கருப்பையும் சூலகமும் எல்லாப் பெண்களுடையதும் போலத்தான், ஒரு துருசு மட்டும் பாதி திறக்கிறது என்று, டொக்டர் கீறித்தந்த படத்தை டோர்ச் வெளிச்சத்தில் வைத்து இன்னொருமுறை காட்டினேன். இந்தப் பேச்சை வீட்டுக்குள் முதலில் நீங்கள் தொடங்குங்கள். பிள்ளை தனியாக யோசித்துக்கொண்டிருக்க விடாதீர்கள்.

படி 9: ஒரு சின்ன அட்டை

அடையாள அட்டையின் அளவில் ஒரு கடதாசி. தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதி, இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் ஒட்டி மகள் கைப்பைக்குள் வைத்திருக்கிறாள். வவுனியாவுக்குத் தெற்கே பஸ்ஸில் போகும்போது யார் பார்த்தாலும் விளங்க வேண்டும் என்பதற்காக மூன்று மொழி. பெயர், இரத்த வகை, குறைபாட்டின் முழுப் பெயர். சினாக்தென் பரிசோதனையில் வந்த கோட்டிசோல் அளவும் திகதியும். 'சத்திரசிகிச்சை, பெரும் காயம், நிற்காத சத்தி: ஐதரோகோட்டிசோன் 100 மி.கி. ஊசி உடனே' என்ற வரி சிவப்பில். கீழே கிளினிக் இலக்கமும் என் தொலைபேசி இலக்கமும். கல்யாணத்துக்குப் பிறகு என் இலக்கத்துக்குக் கீழே மருமகனுடையதையும் அவளே எழுதி, திரும்ப பிளாஸ்டிக் ஒட்டி வந்தாள்.